மீன் போகும் வழியிலேயே போங்கள்: தொயோசு ஏலம் முதல் சுகிஜி தட்டு வரை, ஒரு காலைப் பொழுதுக்கான முழு வழிகாட்டி

டோக்கியோவில் மீன் சந்தை பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்தச் சந்தை?" என்றுதான். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, விடியற்காலை சூரை மீன் ஏலம் பார்க்க இன்றும் சுகிஜிக்குப் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஏலம் அங்கே இல்லை. 2018 அக்டோபர் 6-ஆம் தேதியோடு சுகிஜியின் மொத்த விற்பனைக் கூடம் மூடப்பட்டது. ஐந்து நாள் கழித்து, 11-ஆம் தேதி, தொயோசுவில் புதிய சந்தை திறந்தது. சுகிஜியில் இப்போது இருப்பது, அந்தப் பழைய கூடத்தைச் சுற்றி வளர்ந்த வெளிச்சந்தை. நானூறுக்கும் மேற்பட்ட கடைகள் அங்கே இன்னும் அப்படியே நடக்கின்றன.

ஏலத்துக்குத் தொயோசு, சாப்பாட்டுக்குச் சுகிஜி. இரண்டுக்கும் நடுவே டாக்சியில் பத்து நிமிடம்தான். ஊரிலிருந்து வருகிற உறவினர்களை நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் அழைத்துப் போவேன்: மீன் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில். ஏலம், பிறகு இடைத்தரகர், பிறகு கடை, கடைசியில் தட்டு. அப்படிப் போனால் வாயில் வைக்கும் துண்டு எங்கிருந்து வந்தது, ஏன் அந்த விலை என்பதெல்லாம் யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

கொஞ்சம் பழங்கதை. எதோ காலத்தில், அதாவது டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தில், இந்த நகரத்தின் மீன் சந்தை நிஹோன்பாஷி ஆற்றங்கரையில் இருந்தது. 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்த பெரும் நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அது அழிந்தது. அதன் பிறகு சுகிஜிக்கு இடம் மாறி, 1935-இல் நிரந்தரச் சந்தையாகத் திறந்தார்கள். சுகிஜி என்ற சொல்லுக்கே மேடுபடுத்திக் கட்டிய நிலம் என்றுதான் பொருள், கடலைத் தூர்த்து உண்டாக்கிய இடம். தொயோசுவும் தூர்த்த நிலம்தான். முன்பு அங்கே எரிவாயு ஆலை இருந்ததால் மண்ணில் நச்சு கலந்திருந்தது. அந்தப் பிரச்சினையால்தான் 2016-இல் நடக்க வேண்டிய இடமாற்றம் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது.

முதல் படி: நாள் பார்ப்பது

ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் சந்தை கிடையாது. இது பலருக்கும் தெரியும். தெரியாமல் போவது புதன்கிழமை. பல புதன்கிழமைகளில் சந்தைக்கு விடுமுறை, ஆனால் எல்லாப் புதனும் அல்ல. என் அண்ணனையும் அண்ணியையும் முதன்முதலில் அழைத்துப் போனது அப்படி ஒரு புதன்கிழமை. நான்கரை மணிக்கு எழுப்பிக் கூட்டிப் போய், மூடிக் கிடந்த கட்டடத்தைக் காட்டினேன். அதிலிருந்து, விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சந்தையின் அதிகாரபூர்வ நாட்காட்டியைத் திறந்து பார்த்துவிடுவேன். புத்தாண்டையொட்டியும் ஆகஸ்டு நடுவிலும் தொடர் விடுமுறை வரும். உங்களுக்கு விருப்பம் இருந்தால் செவ்வாய், வியாழன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சுகிஜியில் நிற்க இடம் இருக்காது.

இரண்டாம் படி: குலுக்கலா, கண்ணாடியா?

ஏலத்தைப் பார்க்க இரண்டு வழி உண்டு. மேல்தள நடைபாதையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பது ஒன்று. இதற்கு முன்பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை. காலை 5 மணிக்குத் திறந்துவிடுவார்கள். காட்சி தெரியும், ஆனால் தூரம்.

இன்னொன்று ஏலத்தளத்தின் பக்கத்திலேயே தாழ்வாக அமைந்த பார்வை மாடம். இதற்கு முந்தைய மாதமே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் தேர்ந்தெடுப்பார்கள். இதுவும் இலவசம். குழுகுழுவாக உள்ளே விடுவார்கள், ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். அங்கே தடுப்புக் கண்ணாடி கூரை வரை போவதில்லை. ஏலம் கூறுபவரின் குரலும், மணிச் சத்தமும், மீன் வைத்திருக்கும் கூடத்தின் குளிரும் உங்கள் மேல் வந்து படும். விண்ணப்பித்தவரின் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: முந்தின இரவு

தொயோசு சந்தைக்கு யூரிகாமோமே என்ற ஓட்டுநர் இல்லாத ரயில் போகிறது. இறங்க வேண்டிய நிலையம் ஷிஜோ-மாஎ, அதாவது சந்தை முன். நிலையத்திலிருந்து மேல்பாலம் வழியாக நேரே கட்டடத்துக்குள் நுழைந்துவிடலாம். சுரங்க ரயிலில் வருபவர்கள் தொயோசு நிலையத்தில் மாறி இரண்டாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களுக்கு முதல் ரயில் பல நேரம் உதவாது. கின்சா, சுகிஜி, தொயோசு பக்கம் அறை எடுத்தால் டாக்சியில் வந்துவிடலாம்.

வழுக்காத, முன்புறம் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு சந்தைக்குள் வரக்கூடாது. வாசனைத் திரவியம் அடிக்க வேண்டாம். மீனை மூக்கால் எடை போடும் மனிதர்கள் நடுவில் போகிறீர்கள், சமையல்காரர் எதிரே நின்று சுஷி பிடித்துத் தரும் மேடையிலும் அது உறுத்தும். பல சிறு கடைகளில் காசாகத்தான் வாங்குவார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் ஒருவருக்கு 5,000 யென் என்று கணக்கிட்டு, அதில் 100 யென் நாணயங்களும் கொஞ்சம் இருக்கும்படி எடுத்து வையுங்கள். முந்தின இரவுச் சாப்பாடு கொஞ்சமாக இருக்கட்டும்.

நான்காம் படி: ஏலம்

கூடத்தின் தரை பச்சை. அந்தப் பின்னணியில் சூரையின் சிவப்பு தெளிவாகத் தெரியும் என்பதற்காக அப்படி. அதன் மேல் வால் நீக்கிய மீன்கள் வரிசையாகக் கிடக்கும். உறைய வைத்தவை உறைபனி மூடி வெள்ளைக் கட்டைகள் போல இருக்கும், உறைய வைக்காதவை கறுத்துப் பளபளக்கும். ஒவ்வொன்றின் வால் முனையிலும் ஒரு வெட்டு போட்டிருப்பார்கள்.

ஏலம் தொடங்குவதற்கு முன் நடப்பதைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். தொப்பியில் எண் பலகை மாட்டிய வியாபாரிகள் கையில் டார்ச்சும் சிறு கொக்கியுமாக மீன் மீனாகக் குனிந்து போவார்கள். வால் வெட்டில் வெளிச்சத்தை அடித்து நிறம் பார்ப்பார்கள். பிறகு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்ப்பார்கள். விரலில் கொழுப்பு எப்படி வழுக்குகிறது என்பதை வைத்தே உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். நான் பார்த்த ஒரு பெரியவர் ஒரே மீனிடம் மூன்று முறை திரும்பி வந்தார். மூன்றாம் முறை விரலைத் தேய்த்துவிட்டு, கண்ணை மூடி ஒரு நொடி நின்றார்.

மணி அடித்ததும் ஏலம் தொடங்கும். ஏலம் கூறுபவர் பாட்டுப் போல ராகம் போட்டு இழுப்பார். வாங்குபவர்கள் வாய் திறப்பதில்லை, விரல்களை மடக்கி நீட்டி விலை சொல்வார்கள். ஒரு மீன் சில நொடிகளில் கைமாறிவிடும். காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ ஏலம் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் பழக்கமானதுதான். இங்கே அந்த வேகத்துக்குள் ஓர் அமைதி இருக்கும்.

ஆண்டின் முதல் ஏலம் தனிக் கதை. 2019 ஜனவரி 5-ஆம் தேதி, வடக்கே ஓமா ஊரிலிருந்து வந்த 278 கிலோ எடையுள்ள ஒரு நீலத்துடுப்புச் சூரை 33.36 கோடி யென்னுக்குப் போனது. அது பெருமைக்கும் விளம்பரத்துக்கும் கொடுக்கும் விலை. மற்ற நாட்களின் விலையை அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது.

ஐந்தாம் படி: இடைத்தரகர்களும் ஒரு தேநீரும்

ஏலத்தில் எடுத்த மீன் நகாஒரோஷி எனப்படும் இடைத்தரகர்களிடம் போகிறது. ஓர் ஆள் உயரத்துக்கு நெருங்கிய நீளக் கத்தியால் அதைப் பிளந்து, உணவகங்களுக்கும் கடைகளுக்கும் பங்கு போடுபவர்கள் அவர்கள்தான். அவர்கள் வேலை செய்யும் தளத்துக்குள் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அதே கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கும் கடைவீதியில் கத்தி, ரப்பர் காலணி, உலர்மீன், தேயிலை எல்லாம் கிடைக்கும்.

தொயோசுவிலும் புகழ்பெற்ற சுஷிக் கடைகள் இருக்கின்றன. சிலவற்றில் வரிசை மணிக்கணக்கில் நீளும். நாள் முழுதும் அதற்கே ஒதுக்க மனமிருந்தால் நில்லுங்கள். நான் நிற்பதில்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டு, கூரைமேல் இருக்கும் புல்வெளியில் காலாற நடந்து விரிகுடாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

சுகிஜிக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேருங்கள், அதற்கு முன் வேண்டாம். அதுவரை கடைகள் சமையல்காரர்களுக்குச் சரக்குக் கொடுக்கும் நேரம். பொதுமக்கள் ஒன்பதுக்கு மேல் வரும்படி சந்தையே கேட்டுக்கொள்கிறது.

ஆறாம் படி: தொடாதீர்கள், கேளுங்கள்

நம் ஊரில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்போம், வயிற்றை அமுக்கிப் பார்ப்போம். கை தானாகவே அங்கே போகும். இங்கே அது கூடவே கூடாது. கடைக்காரர் முகத்தில் எதையும் காட்ட மாட்டார், ஆனால் நீங்கள் தொட்ட மீன் அவருக்கு விலை போகாத மீன். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டி, "கொரே ஒ குதசாய்" என்று சொன்னால் போதும். இதைத் தாருங்கள் என்று பொருள்.

அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: "கியோ நொ ஒசுசுமே வ?" இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது? வருகிறவர்கள் எல்லோரும் சூரையும் சால்மனும் என்று பட்டியலோடு வருகிறார்கள். ஜப்பானியர்கள் மீனைப் பருவம் பார்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். அந்தப் பருவத்துக்கு ஷுன் என்று பெயர். வசந்தத்தில் முதல் கட்சுவோ சூரை வரும், மெலிந்து, சுத்தமான சுவையோடு. அதே மீன் இலையுதிர் காலத்தில் கொழுத்துத் திரும்பி வரும். இகுரா எனும் சால்மன் சினை இலையுதிர் காலத்தில் புதிதாக வரும். சிப்பியும் புரி மீனும் குளிர்காலத்துக்கு. இந்த ஒரு கேள்வியைக் கேட்டால், கடைக்காரர் உங்களை வேடிக்கை பார்க்க வந்தவராகப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். பட்டியலில் இல்லாத ஒரு மீனை எடுத்துக் காட்டுவார்.

விலை கேட்க "இகுரா தெசு க" என்பார்கள். சினையின் பெயரும் எவ்வளவு என்ற சொல்லும் ஒன்று போலவே ஒலிக்கும், குழம்ப வேண்டாம். வசாபி எனும் காரப் பசை வேண்டாம் என்றால் "வசாபி நுகி".

வாங்கியதைக் கடை முன்னாலேயே நின்று சாப்பிடுங்கள். நடந்துகொண்டே சாப்பிடுவது இந்த நெரிசலில் பிறர் உடையில் கறை போடும் வேலை. குச்சியையும் தட்டையும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். தெருவில் குப்பைத் தொட்டி கிடைக்காது.

ஏழாம் படி: சாப்பாடு, வரிசையாக

வெறும் வயிற்றில் சில்லென்று பச்சை மீன் வேண்டாம். தமாகோயாகியில் தொடங்குங்கள். முட்டையில் மீன் சாறும் சர்க்கரையும் கலந்து, செவ்வகச் செப்புச் சட்டியில் ஊற்றி, மெல்லிய ஏடு வெந்ததும் நீளக் குச்சியால் சுருட்டி, மேலும் ஊற்றி, மறுபடி சுருட்டி, செங்கல் போல ஆக்குகிறார்கள். ஒரே ஆள் நான்கைந்து சட்டிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் ஒரு வீச்சில் புரட்டுவதைப் பாருங்கள். குச்சியில் குத்திச் சூடாகத் தருவது இருநூறு யென்னுக்குள் கிடைக்கும். டோக்கியோ வகை இனிப்பாக இருக்கும். கடித்தால் உள்ளிருந்து சாறு வழியும்.

அடுத்தது சுட்டவை. வெண்ணெயும் சோயாவும் விட்டுச் சுட்ட ஹோதாதே சிப்பிச் சதை, அரைத்த மீனை எண்ணெயில் பொரித்த சத்சுமா-ஆகே, இரண்டையும் பயமில்லாமல் யாரும் சாப்பிடலாம். பச்சை ஆய்ஸ்டர் சிப்பி வாங்கும் முன் ஒரு விஷயம். இங்கே சிப்பியில் நமஷோகு-யோ, கனெட்சு-யோ என்று இரண்டு சீட்டு இருக்கும். முதலாவது பச்சையாகச் சாப்பிட, இரண்டாவது வேகவைத்துச் சாப்பிட. பலர் நினைப்பது போல இரண்டாவது பழைய சரக்கு அல்ல. வித்தியாசம் அது வளர்ந்த கடற்பகுதியும் சுத்திகரித்த முறையும்தான். வேகவைக்கும் வகைக்குப் பல நேரம் சுவை கூடுதல். ஆனால் அதைப் பச்சையாகச் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும்.

சூரைக்கு வருவோம். முதுகுப்புறச் சிவப்புச் சதை அகாமி, நடுத்தரக் கொழுப்பு சூதோரோ, வயிற்றுக் கொழுப்பு ஓதோரோ. எல்லோரும் ஓதோரோவுக்குத்தான் பாய்கிறார்கள். எதோ காலத்தில் அந்தக் கொழுப்புப் பகுதியை யாரும் மதிக்கவில்லை, பூனைகூடத் தாண்டிப் போகும் என்று சொல்லித் தள்ளினார்கள். குளிர்பதனம் வந்த பிறகுதான் அதற்கு மவுசு. மூன்றையும் ஒவ்வொரு துண்டு, அகாமியில் தொடங்கி, அந்த வரிசையில் சாப்பிட்டுப் பாருங்கள். மீனின் சுவை அகாமியில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. பணத்தைப் பார்த்துச் செலவழிப்பவர்கள் நகாஒச்சி கேளுங்கள். முள்ளை ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்தது, விலையில் பாதிகூட வராது, சுவையில் குறைவில்லை.

உனி எனும் கடல் முள்ளெலி இரண்டு வகை. ஆரஞ்சு நிறமாக அழுத்தமான சுவையோடு இருப்பது பஃபுன், வெளிர் மஞ்சளாக மென்மையாக இருப்பது முராசாகி. மரப்பெட்டியில் அடுக்கி வைத்ததற்கு உருக்குலையாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பதுண்டு. சிலருக்கு அந்தக் கசப்பு முன்னால் நிற்கும். ஒரு முறை சாப்பிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களுக்கு, உப்புநீரில் மிதக்க விட்டு விற்கும் வகையை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் மனம் மாறியதைக் கண்ணால் பார்த்தேன்.

நம்மவர்கள் தவறவே விடக்கூடாத கடை, கட்சுவோபுஷிக் கடை. கட்சுவோ சூரையை அவித்து, முள் நீக்கி, விறகுப் புகையில் பல முறை காட்டி, மரக்கட்டை போல ஆகும்வரை உலர்த்துகிறார்கள். உயர்ந்த வகைக்கு அதன்மேல் பூஞ்சணம் பிடிக்கவிட்டுக் காய வைப்பதும் உண்டு. இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வாசனையை முகர்ந்ததும் என் அண்ணி சொன்னார், "இது மாசியாச்சே!" சரியாகத்தான் சொன்னார். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசிக்கருவாடும் அதே மீன், அதே அவித்துப் புகையிட்டு உலர்த்தும் வழி. அவர்கள் இழைப்புளியில் சீவிச் சாறு எடுக்கிறார்கள், நாம் இடித்துத் தூளாக்குகிறோம்.

எட்டாம் படி: சுஷி மேடை

கடைசியில், பத்தரை மணிவாக்கில், மேடை உள்ள சிறிய கடையாகப் பார்த்து உட்காருங்கள். முதல் முறை என்றால் வாசலில் படத்தோடு விலை போட்டிருக்கும் செட் ஒன்றைக் கேட்பது நிம்மதி.

கையால் சாப்பிடலாம், தவறே இல்லை. துண்டைப் பக்கவாட்டில் சாய்த்து, மீன் பகுதி மட்டும் சோயாவில் படும்படி தொட்டு, ஒரே வாயில் போட வேண்டும். சோற்றை நனைத்தால் உதிர்ந்துவிடும். சமையல்காரரே மேலே தூரிகையால் சாறு தடவிக் கொடுத்தால் சோயா தேவையில்லை. வைத்தவுடன் எடுத்துச் சாப்பிடுங்கள். கையின் சூடு மாறாத சோறும் குளிர்ந்த மீனும் சேரும் அந்த நொடிக்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். இஞ்சி ஊறுகாய் இரண்டு மீனுக்கு நடுவே வாயைத் துடைக்க. வெள்ளை மீனில் தொடங்கிக் கொழுப்புள்ளவற்றை நோக்கிப் போவது நல்ல வரிசை. கொஹாதா இருந்தால் கட்டாயம் கேளுங்கள். சாளைக்கு உறவுக்கார மீன், உப்பும் வினிகரும் பிடிக்க வைத்தது. பழைய எதோ சுஷியின் கைப்பக்குவம் இந்தத் துண்டில் தெரியும்.

தொடங்கும்போது "இததகிமசு", எழும்போது "கொச்சிசோசமா". டிப்ஸ் கிடையாது. வெளியே வரிசை நின்றால் சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள்.

பச்சை மீன் பயம், சைவம்

பயம் நியாயமானது. கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் அனிசாகிஸ் எனும் சிறு புழு இருக்கக்கூடும். வினிகரோ வசாபியோ அதைக் கொல்லாது. நன்றாக உறைய வைத்தால், அல்லது வேகவைத்தால் சாகும். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் சுட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்கும் பச்சை மீன் வேண்டாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், பச்சை மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

சுத்த சைவர்களுக்கு இது கடினமான காலை. மிசோ சூப்பிலும் தமாகோயாகியிலும் மீன் சாறு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா-மகி, பழங்கள், பச்சைத் தேநீர் என்று சமாளிக்கலாம். அவர்களை வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள்.

கிளம்பும் முன்

நோரி எனும் கடற்பாசித் தாளும் தேயிலையும் கெடாது, எடையும் இல்லை. கத்தி வாங்கினால் பெயர் பொறித்துத் தரும் கடைகள் உண்டு, ஆனால் விமானத்தில் அது கைப்பையில் போகாது, பெட்டியில் வையுங்கள்.

வெளிச்சந்தையின் ஓரத்தில் நமியோகே என்ற சிறிய ஷிந்தோ கோயில் இருக்கிறது. அலையைத் தடுப்பது என்று பெயருக்குப் பொருள். 17-ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்தபோது அலை கரையை அரித்துக்கொண்டே இருந்ததாம், அதற்காக எழுந்த கோயில். உள்ளே சுஷிக்கு ஒரு கல், இறாலுக்கு ஒரு கல், முட்டைக்கும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். தங்கள் பிழைப்புக்காக உயிர் விட்டவற்றுக்கு அந்தந்தத் தொழில்காரர்கள் நன்றி சொல்லும் இடம்.

இரண்டு மணிக்குள் கடைகள் மூடத் தொடங்கும். அங்கிருந்து பெருந்தெருவைத் தாண்டினால் சுகிஜி ஹொங்கான்ஜி பௌத்த ஆலயம். 1934-இல் கட்டியது. இந்தியா வரை பயணம் செய்து திரும்பிய இதோ சூதா என்ற கட்டடக் கலைஞரின் வேலை. அதன் முகப்பு வளைவைப் பார்த்தால் அஜந்தா குகை வாசல் நினைவுக்கு வரும். உள்ளே நாற்காலி போட்டிருக்கிறார்கள், யாரும் உட்காரலாம். விடியலிலிருந்து நின்ற கால்களுக்கு அரைமணி ஓய்வு கொடுங்கள். சுகிஜி சுரங்க ரயில் நிலையம் ஆலய வாசலிலேயே இருக்கிறது.